தூக்கணாங்குருவியிடம் படித்தவர்

எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியின் மேல் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறது. கடந்த டிசெம்பர் விடுமுறையில் பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே வயலோரத் தென்னையின் கீழ் விழுந்து கிடந்ததைத்தான் பத்திரமாக எடுத்து வந்தேன். மேலே சுரைக்காய் போலப் பருத்து, கீழே குழாய் போல நீண்டு, கையில் எடுத்தால் பாரமே தெரியாது.

ராத்தா அதிலிருந்து ஒரேயொரு நாரை மட்டும் உருவிப் பார்க்க விரும்பினார். இழுத்தபோது கூடு முழுவதும் சேர்ந்து வந்ததே தவிர நார் வரவில்லை. முடிச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. உம்மும்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் குருவிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். வீடு கட்டும் பாடு உம்மும்மாவுக்குத் தெரியும். அவர் பிறந்து வளர்ந்த பழைய தெல்தெனிய இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டபோது ஊரோடு சேர்ந்து அவரும் மேலே வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சுக் குறைவாகவே இருந்தது. ராத்தா இரண்டாம் தடவையாக உயர்தரம் எழுதியிருந்தார். மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளி இந்தமுறையும் கைக்கெட்டாமல் போயிருந்தது. உம்மும்மாவின் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். அவரை ராத்தாவுக்கும், இந்த மலரைப் படிக்கும் உங்களுக்கும் அறிமுகப்படுத்தவே இக்கட்டுரை. அவர் பெயர் சலீம் அலி.

உயிரினங்கள் வீடு கட்டும் விதம் மனிதனை எக்காலத்திலும் வியக்க வைத்திருக்கிறது. தாயைக் காணாமலே வெளிவரும் சிலந்திக் குஞ்சு தன் முதல் வலையை ஒழுங்காகப் பின்னுகிறது. கண் தெரியாத கறையான்கள் காற்றோட்டமுள்ள புற்றை எழுப்புகின்றன. தேனீயின் அறைகள் எல்லாம் அறுகோணமாக அமைகின்றன. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள்ளும்படி அல்லாஹ் தேனீக்கு அறிவித்ததைத் தேனீயின் பெயரையே கொண்ட சூரத்துந் நஹ்ல் சொல்கிறது. ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றும் தூக்கணாங்குருவியின் கூட்டையும் கறையான் புற்றையும் தேனையும் சிலந்தி வலையையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று எளிது என்று நமக்குப் புத்தி சொல்கிறது. கற்பிக்கப்படாமல் வரும் இந்த ஆற்றலை எங்கள் உயிரியல் பாடத்தில் உள்ளார்ந்த நடத்தை என்றும் இயல்பூக்கம் என்றும் படிக்கிறோம்.

ஆனால் பெயர் வைத்துவிட்டால் மட்டும் விளங்கிவிடாது. யாராவது ஒருவர் மரத்தடியில் இருந்து, நாள் முழுவதும் பார்க்க வேண்டும். தூக்கணாங்குருவியை அப்படிப் பொறுமையாகப் பார்த்தவர்தான் சலீம் அலி.

அவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைகளில்லாத தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அந்த அநாதைகளைத் தம் வீட்டில் வளர்த்தார்கள்.

சிறுவன் சலீமுக்குக் கிடைத்த விளையாட்டுப் பொருட்களில் ஒரு காற்றுத் துப்பாக்கியும் இருந்தது. அதைக் கொண்டு சிட்டுக்குருவி சுடுவது அவனுடைய பொழுதுபோக்கு. ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிகளில் அவன் அதைக் கண்டதில்லை. மாமாவிடம் காட்டினான். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த மாமா, பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார்.

1908ஆம் ஆண்டு அந்தப் படியேறியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் அவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். கொன்றதைப் பற்றிக் கேட்கப் போன சிறுவன், உயிரோடிருப்பவற்றைப் பற்றி அறியும் ஆசையோடு திரும்பி வந்தான். பின்னாளில் 1985ஆம் ஆண்டு எழுதிய தன் வரலாற்றுக்கு, ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே அவர் சூட்டினார்.

இப்படித் தொடங்கிய ஒருவர் பள்ளியில் முதல் மாணவராக இருந்திருப்பார் என்று நினைப்போம். அப்படி இல்லை. பதின்மூன்று வயதில் தொடங்கிய தீராத தலைவலியால் வகுப்புகள் அடிக்கடி தவறின. சிந்துவிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1913ஆம் ஆண்டு ஒருவாறு மெற்றிக்குலேசன் தேறினார். புனித சவேரியார் கல்லூரியில் முதலாம் வருடமே கடினமாகிப் போனதால், படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவின் தவோய் பகுதிக்குச் சென்றார். அங்கே குடும்பத்தாருக்கு வொல்பிரம் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. கணக்குப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவரது கண்கள் காட்டில் இருந்தன. 1917ஆம் ஆண்டு பம்பாய் திரும்பி, ஒருபுறம் வணிகச் சட்டமும் கணக்கியலும், மறுபுறம் பிளாட்டர் பாதிரியாரின் ஊக்கத்தால் விலங்கியலும் படித்தார். 1918 டிசெம்பரில் தஹ்மினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவியொன்று வெற்றிடமானபோது அதை அடைய முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை. 1926ஆம் ஆண்டு பம்பாய் நூதனசாலையில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 350 ரூபா. இரண்டு வருடங்களில் தன் அறிவின் குறை அவருக்கே தெரிந்தது. 1928ஆம் ஆண்டு விடுமுறை பெற்று ஜேர்மனிக்குப் போய், பேர்லின் விலங்கியல் நூதனசாலையில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெசெமான் அவர்களிடம் பயின்றார். எங்கு படித்தாய் என்று பார்ப்பதைவிட, என்ன பார்த்தாய் என்று பார்க்கும் ஆசிரியர் ஒருவரை அவர் அங்கே கண்டார்.

1930ஆம் ஆண்டு நாடு திரும்பியபோது அவருக்காக ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பணம் போதாதென்று நூதனசாலை அவருடைய பதவியையே நீக்கிவிட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. வெளிநாட்டுப் பயிற்சி இருந்தது. பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. கணவனும் மனைவியும் பம்பாயை விட்டு, கடலுக்கு அக்கரையில் அலிபாக் அருகேயுள்ள கிஹிம் என்ற கரையோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

நம்மவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பும் போச்சு, தொழிலும் போச்சு, இனிக் குருவி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பார்கள். சலீம் அலி உண்மையிலேயே அதைத்தான் செய்தார். அந்த மழைக்காலத்தில் கிஹிமில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவர் குறிப்புப் புத்தகத்தோடு இருந்து பார்க்கத் தொடங்கினார்.

கூடு கட்டுவது ஆண் குருவி. நெல்லின் இலையிலோ நீண்ட புல்லிலோ அலகினால் ஒரு சிறு வெட்டு வைத்து, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். இலை நீளவாக்கில் கிழிந்து நாராக வரும். முதல் நாரைத் தென்னோலையிலோ முள்மரக் கிளையிலோ முடிச்சிட்டு, அதிலிருந்து ஒரு வளையம் தொங்கவிட்டு, வளையத்தைச் சுற்றி முடையும். ஒரு கூட்டுக்கு ஐந்நூறு தடவை வரை பறந்து போய் வருமாம். ஏறக்குறைய எட்டு நாளில் கூடு ஒரு தலைக்கவசம் போன்ற வடிவத்துக்கு வரும். முழுமையாக முடிப்பதற்குப் பதினெட்டு நாள் அளவில் செல்லும்.

ஆனால் தலைக்கவச நிலையில் வேலை நிற்கிறது. இப்போது பெண் குருவிகள் வருகின்றன. ஆண்களோ கூட்டில் தொங்கியபடி சிறகடித்துச் சத்தமிட்டு அழைக்கின்றன. பெண் உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் அந்தக் கூடு அதனுடையது. ஆண் பிறகுதான் முட்டையறையை மூடி, கீழ்நோக்கிய வாசற்குழாயை நீட்டி வேலையை முடிக்கும். பெண் உள்ளே மெத்தென்று அமைத்து, முட்டையிட்டு, தனியாகவே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு அரைகுறையாகத் தொங்கும்.

மரத்தில் பாதி முடிந்த கூடுகள் பல தொங்குவதை மக்கள் எக்காலமும் கண்டிருக்கிறார்கள். அவை ஆண் குருவி ஓய்வெடுக்கக் கட்டியவை என்று சொல்லப்பட்டது. கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஈரமண்ணில் குருவி மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்ற கதையை நாங்களும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். சலீம் அலி கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த ஆண் எந்தக் கூட்டைக் கட்டியது, எந்தப் பெண் எப்போது வந்தது என்று நாள்தோறும் எழுதினார். ஓர் ஆண் ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகள் கட்டிப் பல பெண்களோடு சேர்கிறது என்ற உண்மை அப்படித்தான் தெளிவானது. 1931ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அது வெளியாகியது. வேலையில்லாத மனிதர் ஒருவரின் மழைக்காலம், பறவையியலில் ஒரு புதிய பக்கமாகியது.

உம்மும்மாவின் கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. குருவிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை 1960களில் அமெரிக்காவைச் சேர்ந்த நிக்கொலஸ் கொலியாஸ், எல்சி கொலியாஸ் தம்பதியர் ஆபிரிக்காவிலுள்ள இதன் உறவுக்காரக் குருவியிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடைய வேண்டும் என்ற உந்துதல் குருவியோடு பிறந்தது. ஆனால் குஞ்சுப் பருவத்தில் பச்சை நார் கொடுக்காமல் வளர்த்த ஆண் குருவிகள், பின்னர் நார் கிடைத்தபோது ஒழுங்காக ஒரு முடிச்சுப் போடவும் தடுமாறின. வாரக்கணக்கில் பழகப் பழகத்தான் கைவந்தது. சாதாரணமாக வளரும் இளம் ஆண்களும் உருப்படாத கூடுகளை முடைந்து முடைந்தே தேர்கின்றன.

ஆகவே இயல்பூக்கம் என்பது முழுமையாக முடிந்த பாடமல்ல. என்ன செய்ய வேண்டும் என்பது குருவியின் உள்ளே இருக்கிறது. எப்படித் திறம்படச் செய்வது என்பது செய்து பார்த்து வருகிறது. நாம் வியந்து பார்க்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் பின்னால், யாரும் எடுத்துப் பத்திரப்படுத்தாத கோணல் கூடுகள் எத்தனையோ இருந்திருக்கும்.

கிஹிமுக்குப் பிறகும் சலீம் அலிக்கு உடனே நல்ல உத்தியோகம் வந்துவிடவில்லை. அவர் வேறொரு வழியைத் தேடினார். சமஸ்தானங்களின் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு, தமக்குச் சம்பளமில்லாமல் அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சின், குவாலியர், இந்தூர், போபால் என்று பயணம் நீண்டது. தஹ்மினாவும் கூடாரங்களில் கூடவே இருந்தார். கணவரின் எழுத்தைச் செம்மைப்படுத்தியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1939ஆம் ஆண்டு ஒரு சிறு சத்திரசிகிச்சைக்குப் பின் தஹ்மினா காலமானார். பிள்ளைகளும் இல்லை. அதன்பின் சலீம் அலி தன் சகோதரியின் குடும்பத்தோடு வாழ்ந்தார்.

அந்தத் துயரத்திலிருந்து இரண்டு வருடங்களில், 1941ஆம் ஆண்டு, இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பறவையைப் பார்த்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லச் சாதாரண மக்களுக்கும் முடியும் என்று காட்டிய நூல் அது. குமாவுன் மலையடிவாரத்தில், தூக்கணாங்குருவியின் இன்னொரு இனமான ஃபின் தூக்கணாங்குருவியை நெடுங்காலத்துக்குப் பிறகு மீண்டும் கண்டறிந்தார். மோட்டார் சைக்கிளென்றால் அவருக்கு உயிர். 1950ஆம் ஆண்டு சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் கொண்டுபோய், ஐரோப்பிய வீதிகளில் ஓட்டித் திரிந்தாராம்.

அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்லியோடு சேர்ந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிக் கைநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. அதில் நமது இலங்கையின் பறவைகளும் அடக்கம். எனவே நம் தோட்டத்துக் கொண்டைக்குருவியும் அவருடைய பக்கங்களில் இடம்பெற்றிருக்கிறது. பட்டமில்லையென்று ஒதுக்கப்பட்டவருக்கு 1958ஆம் ஆண்டு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும், பின்னர் டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்களும் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கின. பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகளும், 1985ஆம் ஆண்டு மாநிலங்கள் அவையில் நியமன உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தன. பரிசாகக் கிடைத்த பெருந்தொகையொன்றை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். பரத்பூர் பறவைகள் சரணாலயத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்க எழுந்த குரல்களில் அவர் குரலும் ஒன்று.

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி, தொண்ணூறு வயதில், பம்பாயில் அவர் காலமானார். மூன்று வருடங்களின் பின் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையமொன்று தொடங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நான் ஓர் இரவு ராத்தாவிடம் சொன்னேன். விருதுகள் வந்த இடத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 1930ஆம் ஆண்டு கிஹிமில், நாளைக்கு என்ன என்று தெரியாமல் இருந்தபோது, அந்த மனிதர் காலையில் எழும்பி என்ன செய்திருப்பார் என்று மட்டும் கேட்டார். குருவி பார்க்கப் போயிருப்பார் என்றேன். ராத்தா சிரித்தார். பல நாட்களின் பின் அன்றுதான் சிரித்தார்.

உம்மும்மாவிடமும் விடையைச் சொன்னேன். அல்லாஹ் கொடுத்த அறிவு பாதி, பழக்கம் பாதி என்று விஞ்ஞானம் சொல்வதாக விளக்கினேன். அவருக்கு அது புதுமையாகப் படவில்லை. கீழே பழைய ஊரிலிருந்த வீட்டில் குசினிப் புகை எல்லாம் ஹோலுக்குள் வருமாம். அதைக் கட்டும்போது யாருக்கும் தெரியவில்லை. இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலே வந்து இந்த வீட்டைக் கட்டியபோது, காற்றுப் பார்த்துக் குசினியை மறுபக்கம் வைத்தார்களாம். மழையில்லாத காலத்தில் நீர்த்தேக்கம் வற்றி, பழைய ஊரின் சுவர்கள் தலைகாட்டும்போது உம்மும்மா போய்ப் பார்ப்பதுண்டு. அப்போது அழுவார். ஆனால் அந்தக் குசினி வேண்டாம் என்பார்.

ராத்தாவின் புள்ளிகளுக்கு விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைக்கலாம் என்று ஆசிரியர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள். டொக்டர் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் எங்கள் வீட்டில் யாருடைய காதிலும் ஏறவில்லை. சென்ற கிழமை பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் மேசையில் விரிந்து கிடந்தது. விலங்கியல் உள்ள பக்கத்தில், காற்றுக்குப் பறக்காமல் இருக்க, அந்தக் கூட்டை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். பாரமில்லாத கூடு எப்படிக் காகிதத்தைப் பிடித்து வைக்கும் என்று நான் கேட்கவில்லை.